விருந்தும் மொழியும்

வள்ளுவர் இல்லறவியலை வகுத்த முறையைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கின்றனர். ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல்; பத்தாவது இனியவை கூறல்; பதினோராவது செய்ந்நன்றியறிதல். விருந்தினன் வாயிலில் வந்து நின்ற பின்னரே இன்சொல் பிறக்கிறது, இன்சொல்லுக்குப் பின்னரே நன்றி வருகிறது என்று இவ்வரிசைக்கு நான் பொருள் கொண்டால் பரிமேலழகர் சினந்துகொள்வாரோ, அறியேன். ஆயினும் மொழியாசிரியனாகப் பல்லாண்டு உழைத்த எனக்கு அவ்வரிசை ஒரு பாடத்தைப் புகட்டியதுண்டு. அப்பாடத்தை நான் கற்றது கல்முனையிலன்று. கடல் கடந்து, ஜேர்மனியில், மாடி வீடொன்றின் நான்காம் தளத்தில், இரண்டே அறைகள் கொண்ட ஒரு குடியிருப்பில்.

1990களின் பிற்பகுதியில் அந்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் இரண்டாண்டு தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாணவர் ஐவர். ஐவரும் அறிவிற் சிறந்தவர்கள். குறுந்தொகைச் செய்யுள் ஒன்றைக் கையிற் கொடுத்தால் அகராதியின் துணைகொண்டு அதனைப் பிரித்து, வேற்றுமை காட்டி, வினைமுற்றை இனங்கண்டு வைப்பார்கள். அவர்களுள் ஒருவனிடம், “தாகமாயிருந்தால் என்ன கேட்பாய்?” என்று ஒருநாள் வினவினேன். நெடுநேரம் சிந்தித்து, “எனக்கு நீர் வேண்டப்படுகின்றது” என்றான். இலக்கணப்படி அதிலே பெரும்பிழை இல்லை. ஆனால் அப்படிக் கேட்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் தாய் தமிழுலகில் எங்கும் இரார் என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது?

அவ்வாண்டின் இளவேனிலில் எங்கள் பக்கத்து நண்பர் ஒருவர், என்னோடு ஒரே பாடசாலையிற் கற்பித்தவர், அரபுத் தமிழ் ஏடுகளைப் பற்றி ஆராய அதே நகருக்கு வந்து சேர்ந்தார். தமிழை அரபு எழுத்திலே எழுதிய நம் முன்னோரின் கைச்சுவடிகளில் அவருக்குத் தீராத காதல். அழைத்த நிறுவனம் அவருக்குப் பயணச் செலவும், ஒருவர் படுக்கத்தக்க ஓர் அறையும் அளித்தது. ஒரு திங்கள் கழித்து அவர் மனைவியும், இரு பிள்ளைகளும், மனைவியின் தாயாரும் வந்தபோது அவ்வறை என்ன செய்யும்? எங்கள் கரையோரத்து வழக்கத்தை அறிந்தவர்கள், மருமகன் வாழும் இடத்துக்கு மாமியார் வருவதில் வியப்புக் கொள்ள மாட்டார்கள். அவர் வாழ்வதே மாமியார் வீட்டில்தான். நான், “எங்கள் வீடு இருக்கிறதே!” என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் யாரையும் கேட்கவில்லை. இவ்விடயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழர் பழமொழி. விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தருமம் என்பது நபிமொழி. இரு மரபுகளும் ஒருமித்து விதித்த எல்லையைக் கடந்து அக்குடும்பம் இருபத்தாறு நாள் எங்களோடு தங்கியது. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளைத் திறந்தபோது அறை முழுதும் கல்முனைச் சந்தை மணத்தது. மருதமுனைத் தறியில் நெய்த சாரம் நான்கு, மாசி, கருவாடு, வறுத்த அரிசிமா, இத்தனைக்கும் மேலே சுருட்டிக் கட்டிய பன்பாய் ஒன்று. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று பிற ஊரார் சொல்வதுண்டு. அதனை மந்திரம் என்பார் சிலர், உபசாரம் என்பார் சிலர். அந்தப் பாய் ஆகாய விமானத்தில் ஏறி ஜேர்மனி வரை வந்ததைக் கண்டபோது அம்மொழியின் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது. கருவாடு பொரித்த அன்று கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்து முறையிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். அவரையும் உள்ளே அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்தார்கள். பின்னர் அவர் முறையிடவில்லை; ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

மாணவர்கள் வரத்தொடங்கினர். முதலில் ஆவலினால் வந்தனர். பின்னர்ச் சோற்றுக்காக வந்தனர். இறுதியில் மூத்தம்மாவுக்காக வந்தனர். நண்பரின் பிள்ளைகள் தம் பாட்டியை மூத்தம்மா என்றழைக்க, அவ்வைந்து ஜேர்மானியருக்கும் அவர் மூத்தம்மாவே ஆனார். அவருக்கு எழுத்து வாசனை குர்ஆன் ஓதும் அளவோடு சரி. தமிழிலே தம் பெயரை எழுதத் தெரியும். வேற்று மொழி ஒரு சொல்லும் அறியார். என் மாணவர்களுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் வாய்த்திருக்க முடியாது. அவரிடம் தப்பிச் செல்ல வேறு மொழியே இல்லையல்லவா?

முதல்நாள் ஒரு மாணவன் மிகுந்த பணிவோடு முன்வந்து, “மூத்தம்மா, நான் உங்களுக்குப் பேச வந்திருக்கிறேன்” என்றான். அவர் திடுக்கிட்டு, “எனக்கு என்னத்துக்கு மகன் பேசப்போறீங்க? நான் என்ன செய்தேன்?” என்று கேட்டார். நம் நாட்டில் ‘ஒருவருக்குப் பேசுதல்’ என்றால் கண்டித்தல் என்றும், உரையாடுவதற்குக் ‘கதைத்தல்’ என்றும் வழங்குவதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் ஒரு வேற்றுமை உருபிலே தவறினான். அவ்வீட்டில் அது வழக்காக மாறவிருந்தது. பின்னர் எல்லோரும் சிரித்தனர். அச்சொல்லை அவன் இனி எக்காலத்திலும் மறக்கமாட்டான்.

சோறு பரிமாறும்போது மூத்தம்மா, “இரிங்க மகன், தின்னுங்க” என்றார். மாணவி ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள். ‘தின்’ என்னும் வினை மதிப்புக்குரியவரிடத்து ஆகாது, ‘சாப்பிடுங்கள்’ என்பதே தகும் என்று முந்திய வாரந்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். எங்கள் ஊரிலே சோறு தின்னச் சொல்வதைவிட அன்பான அழைப்பு வேறில்லை என்பதை நான் எழுதிக் காட்டவில்லை. ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்றும், குழம்புக்கு ‘ஆணம்’ என்றும் அவர்கள் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டனர். அன்றிரவு விடைபெறும் வேளையில் அதே மாணவி என்னிடம் கேட்டாள்: “ஐயா, இங்கே பிள்ளைகள் தாயை உம்மா என்றும் தந்தையை வாப்பா என்றும் அழைக்கிறார்கள். நீங்களும் உங்கள் தாயாரை அப்படித்தான் அழைத்தீர்களா? அப்படியாயின் எங்களுக்கு ஏன் அச்சொற்களைச் சொல்லவில்லை?”

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. ஆனால் நான் விடையின்றி நின்றேன். வகுப்பறையில் ஓராண்டுக்கு மேலாக அம்மா, அப்பா என்று கற்பித்து வந்தேன். அவை பொதுவழக்கு என்பதனால் மட்டுமன்று. உம்மா என்ற சொல்லைப் பலகையில் எழுதக் கை கூசியது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. பாடநூலிலே இல்லாத சொல் தமிழிலேயே இல்லாத சொல் என்று எண்ணும் தாழ்வுணர்ச்சி எங்கிருந்தோ உள்ளே புகுந்து குடிகொண்டிருந்தது. என்னை ஈன்றவரை அழைத்த சொல்லை நானே மறைத்தேன். கல்முனையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் அதனை மறைக்கத் தெரியாமல் வெளியே சொன்னார்.

இத்தாழ்வுணர்ச்சிக்கு ஆதாரமும் கிடையாது என்பதே வேடிக்கை. செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழ் குறித்து எழுதிய கட்டுரையில், தமிழின் பேச்சு வழக்குகள் யாவற்றுள்ளும் எழுத்து வழக்கிற்கு மிக அணித்தாய் நிற்பது மட்டக்களப்புப் பேச்சே என்றும், தொன்மையான கூறுகள் பல அதிலே பேணப்பட்டுள்ளன என்றும் குறித்தார். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பினின்றும் 1961இல் பிரிக்கப்பட்டது. நிருவாகம் பிரிந்ததேயன்றிப் பேச்சு பிரியவில்லை. எங்கள் முஸ்லிம் ஊர்களின் பேச்சு அதே வேரிற் கிளைத்து, அரபுச் சொற்கள் சிலவற்றையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. பிராகிலிருந்த ஓர் அறிஞர் கண்டு போற்றிய வழக்கை அதன் மடியிலே பிறந்த நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன்.

வகுப்பறைக்கு ஒரு பொதுவழக்கு வேண்டாமா என்று கேட்பார் உளர். வேண்டும். அதிலே எனக்கு ஐயமில்லை. கல்முனைக்குடியிற் பிறந்த மொழியியலறிஞர் எம். ஏ. நுஃமான்தான் 1999இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ என்ற நூலை வெளியிட்டு, இன்றைய எழுத்துத் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய்ச் சிதம்பரம் சென்றபோது காரைதீவுப் பேச்சிலே பாடம் நடத்தியிருக்க மாட்டார். பொதுவழக்கை ஆக்குவதில் எங்கள் கரையோரத்துக்கும் பங்குண்டு. ஆனால் பொதுவழக்கைக் கற்பிப்பது வேறு. அதனைத் தவிர்ந்த யாவும் வழு என்று கற்பிப்பது வேறு. முன்னதை நூல் செய்யும். பின்னதினின்றும் மாணவனைக் காப்பது ஒரு வீட்டின் கூடமேயாகும். பாயிலே உட்கார்ந்து, ஒரே சஹனில் நால்வரோடு சோறு பிசைந்து, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று காதாற் கேட்டவனுக்கு முறைப்பெயர்களின் அட்டவணை தேவைப்படாது. என் மாணவர் ஐவரும் அவ்விருபத்தாறு நாளிற் கற்றதை நான் அதற்கு முந்திய ஓராண்டிலே கற்பிக்கவில்லை என்று எழுதுவதில் எனக்கு இப்போது நாணமில்லை.

இதுவரை எழுதியதை நண்பர்கள் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் மகிழ்ந்தனர். விருந்தோம்பலாலே தமிழ் வளர்த்த வீடு என்று ஒருவர் மேடையிலேயே புகழ்ந்தார். அன்று வீடு திரும்பியதும் என் மனைவி கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. “அந்த இருபத்தாறு நாளும் நான் எங்க இருந்தன் எண்டு உங்கட கதையில வருதா?” என்றார்.

வரவில்லை. பல ஆண்டு சொல்லிய கதையில் அவர் ஓரிடத்திலும் இல்லை. அவரும் பயிற்றப்பட்ட ஆசிரியை. சம்பளமற்ற விடுமுறை பெற்று என்னோடு வந்தவர். வெறுமனே இருக்கலாகாதென்று மாலைநேர ஜேர்மன் வகுப்பிற் சேர்ந்து, எட்டுத் திங்கள் படித்து, பரீட்சைக்குக் கட்டணமும் கட்டியிருந்தார். விருந்தினர் வந்த மூன்றாம் வாரத்திலே அப்பரீட்சை. அவர் போகவில்லை. காலையிலே ஒன்பது பேருக்குப் பசியாறல், பகலிலே சோறு, மாலையிலே மாணவர்களுக்குத் தேநீரும் பலகாரமும். நண்பரின் மனைவியும் மூத்தம்மாவும் கூடமாட உதவினர் என்பது உண்மையே. ஆனால் அந்நாட்டு அடுப்பும், கடையும், குப்பை போடும் நாளும் அறிந்தவர் என் மனைவி ஒருவரே. பரீட்சை நாள் கடந்துபோனதை நான் அறியவுமில்லை. ஒரு மொழியைக் கற்பிக்கச் சென்ற ஒருவன் தன் வீட்டிலேயே ஒரு மொழி கற்றல் நின்றுபோனதைக் கவனியாதிருந்தான்.

“ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?” என்றேன். அவர் சொன்ன விடையை அவர் சொன்னபடியே தருகிறேன்: “அது என்ட வீடு இல்லையே. என்ட வீடெண்டா, ஆரு வரணும், எப்ப வரணும் எண்டு என்னையும் கேட்டிருப்பீங்க.”

எங்கள் பிரதேசத்தை அறியாத வாசகருக்கு இவ்விடையின் ஆழம் விளங்காமற் போகலாம். பொத்துவில் தொடங்கி மருதமுனை வரையும், அதற்கு வடக்கேயும், முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். மணமானவுடன் ஆண் பெண் வீட்டுக்குச் செல்கிறான். 1969 தொடக்கம் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தாய்வழிக் குடிமுறையையும் இவ்வீட்டுச் சீதனத்தையும் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவருடைய பெருநூல் 2008இல் வெளிவந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி படியேறி வரும்போது உறுதிப்படி அவர் பெண்ணின் விருந்தாளி. கணவனும் ஒரு வகையிலே நீண்டகால விருந்தாளியே. ஆதலின் நண்பரை அழைத்துவர விரும்பும் கணவன் முதலில் மனைவியிடம் ஒரு சொல் கேட்பான். உரிமையின் காரணமாகக் கேட்கிறானா, அச்சத்தினாற் கேட்கிறானா என்பது இங்கே வேண்டாத ஆராய்ச்சி. கேட்பான் என்பது திண்ணம். ஜேர்மனியிலே குடியிருப்பின் ஒப்பந்தத்தில் என் பெயர் இருந்தது. அவ்வொரு கையொப்பத்தால், தலைமுறைகளாக எங்கள் தாய்மார் பெற்றிருந்த உரிமை ஒன்றை நான் அறியாமலே பறித்துக்கொண்டேன்.

இது என் வீட்டுக் கதை மாத்திரமன்று. 1942இல், உலகப்போர் நடந்த காலத்தில், அரசாங்க உத்தியோகத்தராகக் கல்முனைக்கு வந்தார் யாழ்ப்பாணத்து முஸ்லிம் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். இங்கே கண்ட கல்வி வறுமை அவர் உள்ளத்தைத் தொட, அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945இல் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அதுவே முன்னோடி. கல்முனை அவரை வரவேற்றது, அவர் கல்முனைக்குக் கைம்மாறு செய்தார் என்று நாம் பெருமையோடு எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆயினும் அவ்வரவேற்பிலே சோறு ஆக்கிய கைகள் எவை என்று நான் படித்த எந்நூலிலும் கண்டதில்லை. சிலப்பதிகாரத்திலே, கணவனைப் பிரிந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததற்காக வருந்துபவள் கண்ணகி. கோவலன் அதற்காக வருந்தியதாக இளங்கோ பாடவில்லை. விருந்தோம்பல் பெண்ணின் பேறு என்று அன்றே நாம் தீர்மானித்துவிட்டோம். அது அவளுடைய உழைப்புமாகும் என்பதை எழுத மறந்தோம்.

ஆகவே என் கருத்து இதுதான். ஓர் ஆசிரியரை வேற்று நாட்டிலிருந்து அழைக்கும் நிறுவனம் அவருடைய குடும்பத்துக்கும் தலைசாய்க்க இடம் கொடுக்க வேண்டும். ‘அவர்கள் தமிழர்கள், கீழைத் தேசத்தார், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் எங்கள் பண்பாட்டுக்கு அளிக்கும் மதிப்புப் போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு பெண்ணின் இருபத்தாறு நாளை விலையின்றிப் பெறும் வழி. மாணவர்கள் வீடுகளிலே வந்து மொழி பயில வேண்டும் என்பதிலே நான் முன்னிலும் உறுதியாக நிற்கிறேன். ஆனால் அங்கே கற்பிப்பவர் ஆசிரியரென்று ஏற்கப்பட வேண்டும். மூத்தம்மாவுக்கு அப்பல்கலைக் கழகம் ஒரு நன்றிக் கடிதமேனும் எழுதியிருக்கலாம். நான் கேட்டிருந்தால் எழுதியிருப்பார்கள். எனக்குத் தோன்றவில்லை.

கடல் கடந்த நாட்டுக்குச் சொல்வது எளிது. நம் வாயிலிலேயே இதே நிலைமை வந்திருக்கிறது. போர்க்காலத்தில் கிழக்குப் பல்கலைக் கழகத்திற் கற்க முடியாது தவித்த முஸ்லிம் மாணவர்களின் பொருட்டு 1995இல் பல்கலைக் கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுப் பல்கலைக் கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக் கழகத்தில் இன்று சிங்கள மாணவர்களும் பெருந்தொகையாகப் பயில்கின்றனர். தெற்கிலிருந்து வந்த ஆசிரியர்களும் இருக்கின்றனர். ஒரே நாட்டிலே இருந்துகொண்டு மொழியால் அந்நியராய் நிற்கும் அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டின் கூடத்திலிருந்து சோறு தின்றிருப்பார்கள்? அழைக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் வாடகை வாங்கும் வீடுகளின் தொகையோடு ஒப்பிட்டால் அவை எத்தனை? நான்காண்டு நம்மிடையே வாழ்ந்து, கடையிலே பொருள் வாங்கப் போதிய தமிழோடு மட்டும் ஓர் இளைஞன் ஊர் திரும்புவானாயின், பாயோடு ஒட்டவைக்கும் நம் மந்திரம் எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு, எங்கள் தெருவிலே வாடகைக்குக் குடிவந்த சிங்கள ஆசிரியர் ஒருவரையும் அவர் மனைவி, மகளையும் நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்தோம். அவர் எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் கற்பிக்க வந்தவர். ‘அழைத்தோம்’ என்று எழுதுவதும் பிழை. அழைத்தவர் என் மனைவி. அது அவருடைய வீடு. உறுதியும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அழைப்பதற்கு முன் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: சோறும் பொரியலும் தாம் ஆக்குவதாகவும், மீன் ஆணத்தை நான் காய்ச்ச வேண்டுமென்றும். எழுபது வயதிலே முதன்முறையாகப் பாரை மீனை வெட்டிக் கழுவினேன். புளியின் அளவு மிகுந்துவிட்டது. தேங்காய்ப்பாலை மேலும் ஊற்றச் சொல்லி மனைவி கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். அவர் அப்போது அச்சிறுமியைப் பாயில் இருத்தி, சஹனையும் சட்டியையும் காட்டி, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழிற் சொல்லிக் கொடுத்து, சிங்களத்திற் கேட்டுக் கொண்டிருந்தார். விருந்தினர் மூவரும் ஆணத்தை முகம் சுளிக்காமல் உண்டனர். சிறுமி மட்டும் இரண்டாம் முறை வாங்கவில்லை.